ரேகை தேய்ந்த ஏழு பேர்

1

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நான்காவது பிள்ளை என் தங்கையின் மகன். அவள் பிரசவத்தில் போய்விட்டாள். அவனையும் என் பிள்ளைகளோடு ஒரே பாயில் போட்டு வளர்த்தேன். நான்கு பேரையும் கரை சேர்த்தது இந்த இரண்டு கைதான். புருஷன் பாறசாலைச் சந்தையில் மூட்டைச் சுமடு எடுத்தவர். நெஞ்சுவலியில் சீக்கிரமே போனார். இளையவள் ஜெஸ்ஸி அப்போது பால்குடிப் பிள்ளை.

இப்போது ஜெஸ்ஸி அயர்லாந்தில் நர்ஸ். நான் அவளோடு இருக்கிறேன். வந்து ஏழாவது வருஷம். கேரளத்துத் தெற்கு எல்லையில் எங்கள் கொல்லயிலில் இருந்தும் குன்னத்துகாலில் இருந்தும் போன் பண்ணுகிறவர்கள் எல்லாரும், "அங்க என்ன விசேஷம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கதையைச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அதனால் எழுதுகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் வேதப்புத்தகம் ஒன்றுதான். ஆகவே எழுத்து அந்த நடையிலேதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசேஷம் இதுதான்: என் விரல்களில் ரேகை இல்லையாம்.

வெளிநாட்டுக்காரர்கள் இங்கே தங்குவதற்கு ஒரு கார்டு உண்டு. வருஷா வருஷம் அதைப் புதுக்க வேண்டும். ஒரு ஆபீசுக்குப் போய், பச்சை வெளிச்சம் அடிக்கிற கண்ணாடியில் விரலை வைக்க வேண்டும். முன்னால் போன வருஷங்களில் எப்படியோ இடது கை சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிடித்தன. அவர்களும் அதுபோதும் என்று விட்டார்கள். இந்த முறை மெசின் புதுசு. பத்து விரலையும் கேட்டது. ஒன்றையும் பிடிக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செம்பட்டை முடிக்காரி ஒருத்தி இருந்தாள். நல்ல பெண். ஏதோ சொன்னாள்.

"அம்மா, கொஞ்சம் அமத்தி வைக்கணுமாம்" என்றாள் ஜெஸ்ஸி.

"இதுக்கு மேல அமத்துனா கண்ணாடி பொட்டிப்போவும், மோளே."

ஈரத் துணியால் துடைத்தாள். களிம்பு போட்டாள். கையை உரசிச் சூடாக்கி வைக்கச் சொன்னாள். மெசின் ஒவ்வொரு தடவையும் சிவப்பாகவே எரிந்தது. கடைசியில் அந்தப் பெண் என் கையைத் தூக்கி, சந்தையில் மரச்சீனிக் கிழங்கைத் திருப்பிப் பார்ப்பது போல முன்னும் பின்னும் பார்த்து, ஜெஸ்ஸியிடம் ஏதோ கேட்டாள். இந்த அம்மா என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டிருக்கிறாள்.

ஜெஸ்ஸி சொன்ன பதில் எனக்குப் புரிந்தது. எனக்குத் தெரிந்த நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. ஹவுஸ்வைஃப்.

2

முதன்முதலில் விசாவுக்கு எழுதிப்போட்டபோதே அப்படித்தான் எழுதியிருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு ஏஜென்டின் மேசை மேல் வைத்து ஜெஸ்ஸி எழுதினாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் சம்மதமாகவே இருந்தது. அந்தக் குற்றத்தில் பாதி எனக்கு.

ஆபீஸ்காரி ஒரு கடிதம் கொடுத்தாள். ஐந்து வாரத்துக்குள், ரேகை ஏன் இல்லை என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும். காட்டினால் அதைக் குறித்துக்கொண்டு கார்டு தருவார்கள். இல்லாவிட்டால் கார்டு இல்லை. டிசம்பரில் ஊருக்கு வர டிக்கெட் எடுத்தாயிற்று. கார்டு இல்லாமல் ஊருக்கு வந்தால் திரும்பி இங்கே ஏற முடியாது. வராமல் இங்கேயே இருந்தாலும் கணக்கில்லாத ஆளாக இருக்க வேண்டும்.

டாக்டரிடம் போனோம். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வீட்டிலேயே இருந்த பெண்ணுக்கு இப்படி ஆக வழியில்லை, ஏதாவது தோல் நோயாக இருக்கும், பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார். பெரிய டாக்டர் ஏழு மாதம் கழித்துத்தான் பார்ப்பாராம். இந்த நாட்டில் பஸ் சொன்ன நிமிஷத்தில் வரும், குப்பை வண்டி சொன்ன கிழமையில் வரும். டாக்டர் மட்டும் அப்படி இல்லை.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்பவர்களுக்கும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் ஜெஸ்ஸி டியூட்டிக்குப் போவாள், மருமகன் பிஜு வேலைக்குப் போவார், பேத்தி அனீட்டா பள்ளிக்கூடம் போவாள். நான் எது பச்சைப் பெட்டி, எது கறுப்புப் பெட்டி என்று பார்த்துக் குப்பை போடுவேன். பஸ் பாஸ் இலவசம். ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். வந்த முதல் வருஷம் இறங்கும்போது டிரைவருக்கு தேங்க்யூ சொல்வதற்குப் பதில் சாரி சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் ஒரு வருஷம் முழுவதும் பரவாயில்லை என்றே தலையாட்டினார். குளிர் உண்டு, ஆனால் வீட்டுக்குள் சூடு உண்டு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அனீட்டா மட்டும் வருஷத்துக்கு ஒரு சாண் தூரம் தள்ளிப் போகிறாள். முன்பெல்லாம் என் தட்டில் இருந்து மீன் எடுத்துத் தின்பாள். இப்போது மீனுக்குக் கண் இருக்கிறது என்கிறாள்.

அன்றைக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நான் ஜெஸ்ஸியிடம் சொன்னேன்.

"எனக்கு நோவு ஒண்ணும் இல்லே. நான் நாப்பது வருஷம் அண்டி தல்லினவளாக்கும். அதைச் சொல்லு."

அண்டி தல்லுவது என்றால் முந்திரிக்கொட்டை உடைப்பது. அவள் கைப்பையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்பம் மாத்திச் சொன்னா, முதல்ல எழுதினது பொய்ன்னு ஆவாதா, அம்மா? எழுதினது நானில்லியா?"

"பொய்தானே."

"எனக்க வேலைக்கு எதாவது வந்துட்டா?"

அவளுடைய பயம் அது. அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். பிஜு இன்டர்நெட்டில் தேடி, இந்தத் தொழிலில் ரேகை அழியும் என்று ஒரு பக்கத்தைக் காட்டினார். ஜெஸ்ஸி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரேகை அழியும், செரி. அம்மை அங்க இருந்தாங்கறதுக்கு என்ன தெளிவு?"

தெளிவு, அதாவது அத்தாட்சி, இல்லை. நான் வேலை செய்த ஆபீஸ் பூட்டி வருஷங்கள் ஆயிற்று. முதலாளியும் இல்லை, பதிவேடும் இல்லை. நாற்பது வருஷம் நான் அங்கே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

3

எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலைக்கு அண்டியாபீஸ் என்று பெயர். வறுத்த கொட்டை கறுகறுவென்று வந்து முன்னால் குவியும். சாக்கு விரித்து, காலை நீட்டி, ஒரு கல்லை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இடது கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கொட்டையைப் பிடித்து, வலது கையில் இருக்கிற மரக்கட்டையால் ஒரே தட்டு. ஓங்கித் தட்டினால் பருப்பு இரண்டாகும். மெதுவாகத் தட்டினால் ஓடு பிளக்காது. ஓட்டில் இருந்து ஒரு எண்ணெய் கசியும். அது பட்ட இடம் வெந்து, கறுத்து, உரியும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டே வேலை செய்வோம். அப்படியும் தோல் உரிந்து உரிந்து, ரேகையும் அதோடு போய்விட்டது. வேலையை விட்ட பிறகு கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்தது. ரேகை திரும்பவில்லை.

எனக்கு எதிரே உட்கார்ந்தவள் சரோஜினி. குன்னத்துகால்காரி. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவளுடைய முழங்கால் என் முழங்காலில் இடிக்கும், அவ்வளவு நெருக்கம். முதல் இரண்டு வருஷம் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. முழுப்பருப்பு எடுப்பதில் யார் கெட்டி என்று எங்களுக்குள் ஒரு வீம்பு. நான் கூடையைத் தூக்கினால் அவள் ஓரக்கண்ணால் பார்ப்பாள். அவள் தூக்கினால் நான் பார்ப்பேன்.

அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அன்றன்றைக்கு எடை போடும்போது கூடையில் இருக்கிற பருப்புக்குத்தான் கூலி. ஒருத்திக்குக் கை வெந்துவிட்டால், அல்லது வயிற்றுப்பிள்ளைக்காரி ஆனால், அல்லது வீட்டில் சாவு நடந்து மனசு ஓடவில்லை என்றால், கூடை நிறையாது. அப்போது தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவர்கள் அவளுடைய கூடையில் ஆளுக்கு ஒரு பிடி போட்டுவிட்டுப் போவார்கள். போடுகிறவள் அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது. வாங்குகிறவள் நன்றி சொல்லக்கூடாது. அடுத்த நாள் அதைப் பற்றிப் பேச்சு எடுக்கக்கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சேர்ந்தபோதே அது இருந்தது.

புருஷன் இறந்து பதினாறு நாள் கழித்து நான் திரும்பி வேலைக்குப் போனேன். கட்டையைத் தூக்கக் கை எழும்பவில்லை. மார்பில் பால் கட்டி வலித்தது. அன்றைக்குத் தண்ணீர்ப் பானைப் பக்கம் யார் யாரோ போய்வந்தார்கள். சரோஜினி மட்டும் பதினோரு தடவை போனாள். அவ்வளவு தாகம் ஒரு மனுஷிக்கு வராது. எண்ணக்கூடாதுதான். எண்ணிவிட்டேன்.

இன்னொரு நாள். என் கூடையில் அன்று உடைந்த பருப்பு அதிகம், முழுப்பருப்பு குறைவு. வறுத்தவன் அதிகம் வறுத்துவிட்டான், அதுதான் காரணம். மேஸ்திரி நம்பவில்லை. நான் முழுப்பருப்பை மடியில் கட்டியிருக்கிறேன் என்றார். எழுந்து நின்று எல்லாரும் பார்க்கச் சேலையை உதறிக் காட்டச் சொன்னார். நான் எழுந்தேன். கண்ணில் நீர் முட்டி, எதுவும் தெரியவில்லை.

அதற்குள் எதிரே சரோஜினி எழுந்து தன் முந்தானையை உதறினாள்.

"மேஸ்திரி, முதல்ல எனக்கதைப் பாரும்."

"உன்னை யாரு எழும்பச் சொன்னா? நீ இரு."

"அவ எடுத்திருந்தா எதுத்தாப்புல இருக்கிற எனக்கும் பங்கு தந்திருப்பா. பாரும். நல்லாப் பாரும்."

பின்னால் இருந்து ஒருத்தி எழுந்தாள். அப்புறம் இன்னொருத்தி. வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து சேலையை உதறினார்கள். சாம்பல் பறந்து மேஸ்திரி முகத்தை மூடிவிட்டது. அவர் தும்மிக்கொண்டே வெளியே போனார். அதற்குப் பிறகு எங்கள் கொட்டகையில் ஒரு பெண்ணையும் அவர் உதறச் சொன்னது கிடையாது.

4

இனி எழுதப்போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஜெஸ்ஸிக்கு அதியன்னூரில் இருந்து சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், பிஜுவின் அப்பா பேங்கில் இருந்தவர். பெண்ணின் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். கொஞ்சம் தையல், கொஞ்சம் வீடு என்று ஜெஸ்ஸி சொல்லிவைத்தாள். நான் தலையாட்டினேன். கல்யாணம் நெய்யாற்றின்கரையில் ஒரு பெரிய மண்டபத்தில்.

கூட வேலை செய்தவர்களை எப்படி அழைக்காமல் இருப்பது? ஆனால் பந்தியில் அந்தக் கறுத்த கைகள் வரிசையாக இலைக்கு மேல் நீண்டால், கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது? என் கையும்தான் கறுப்பு. எனக்கு ஜெஸ்ஸி நீளக் கை ரவிக்கையும் கைக்குட்டையும் தந்திருந்தாள்.

வேலை முடிந்து நடந்து வரும்போது சரோஜினியிடம் சொன்னேன். "கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல ஒரே கூட்டமும் தெரக்குமா இருக்கும், சரோஜினி. நீங்க எல்லாரும் முந்தின நாள் வீட்டுக்கு வாருங்க. நிதானமா இருந்து சோறு தின்னலாம்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "செரி" என்றாள்.

முந்தின நாள் காலையிலேயே எல்லாரும் வந்தார்கள். உட்கார்ந்து தின்ன வந்தவர்கள் ஒருத்தியும் உட்காரவில்லை. தேங்காய் திருவினார்கள், உள்ளி உரித்தார்கள், முற்றம் மெழுகினார்கள், வந்த சொந்தக்காரர்களுக்குச் சோறு வெளம்பினார்கள். இருட்டும் முன் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மறுநாள் மண்டபத்தில் ஒருத்தியும் இல்லை. கல்யாண ஆல்பத்தைத் திருப்பினால் நான் முன்னே பின்னே பார்த்திராத பேங்க்காரர்கள் எல்லாம் இருக்கிறார்கள். சரோஜினி இல்லை.

அதற்குப் பிறகும் அவள் என்னிடம் முன்போலவே பேசினாள். அந்த வருஷத்தோடு நான் வேலையை விட்டேன். அயர்லாந்து வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆராதனை முடிந்து அவளுக்குப் போன் பண்ணுவேன். எல்லாம் பேசுவோம். அதை மட்டும் பேச மாட்டோம். பதினாலு வருஷமாக அது நாக்கின் நுனி வரை வரும், திரும்பப் போய்விடும்.

இப்போது தெளிவு வேண்டும் என்றால் அவளிடம்தான் கேட்க வேண்டும். நான் மறைத்துவைத்தவளிடமே போய், வெளியே வந்து எனக்காகச் சாட்சி சொல் என்று கேட்க வேண்டும். மூன்று ஞாயிறு கடத்தினேன். மீதி இரண்டு வாரம்தான் இருந்தது.

5

"எட்டீ நேசம், என்ன, ஒனக்க சத்தம் ஒரு மாதிரி இருக்கு? சளியா?" என்றாள் சரோஜினி, போனை எடுத்ததுமே.

"சளி ஒண்ணும் இல்லே."

"அப்பம் ஏதோ காரியம் உண்டு. பறை, கேக்கேன்."

மெசின் பிடிக்காததைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"அங்கயுமா? இங்க ரேஷன் கடையிலயும் அதே கததான். நான் விரலை வச்சா, இப்படி ஒரு ஆளே இல்லேன்னு மெசின் காட்டுது. கடைக்காரப் பயல் கேக்கான், அம்மச்சி செத்துப்போனீங்களோன்னு. எலே, செத்தவளுக்கு அரி வேண்டாம், சீனியாவது தா, ஒரு சாயையைக் குடிச்சிட்டுக் குழிக்குள்ள போறேன்னு சொன்னேன்."

நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது அவள் கேட்டாள்.

"அவங்களுக்க கடலாசில ஒனக்க வேலை என்னன்னு எழுதியிருக்கு?"

"வீட்டம்மான்னு."

"ஆரு எழுதினா?"

"ஜெஸ்ஸி எழுதினா. நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ம்."

அந்த 'ம்' எனக்குத் தெரியும். அன்றைக்கு நடந்து வரும்போது சொன்ன 'செரி'யின் தங்கச்சி அது. அவள் வீட்டுப் பக்கம் ஒரு கோழி கத்துவது கேட்டது.

"நேசம், நான் ஒண்ணு கேக்கட்டா? நாப்பது வருஷம் எனக்க முட்டுல ஒருத்திக்க முட்டு முட்டிக்கிட்டே இருந்துதே. அது ஆரு? வீட்டம்மாவா?"

"நான்தான்."

"வீட்டுல இருந்தவளுக்கு வேண்டி எனக்குச் சாட்சி பறைய ஒக்காது. அவளை எனக்குத் தெரியாது. அண்டி தல்லினவளுக்குன்னா பறையலாம். எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வாறேன்."

"அண்டி தல்லினவளுக்குத்தான்."

"ஒனக்க மோளுக்குச் சம்மதமா?"

ஜெஸ்ஸி பக்கத்தில்தான் நின்றாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருந்தாள். போனை வாங்கினாள். "சம்மதம், சரோஜினி மாமி" என்றாள். அவள் குரல் சின்ன வயதுக் குரலாக மாறிவிட்டது.

"அப்பம் நல்லாக் கேட்டுக்க, மக்கா. ஒனக்க அம்மை நல்ல தொழில்காரியாக்கும். முழுப்பருப்பு எடுக்கிறதுல என்னைக் கழிஞ்சா அடுத்தது அவதான். அதையும் சேத்து எழுது."

"உன்னைக் கழிஞ்சா? போட்டீ!" என்று நான் இந்தப் பக்கம் இருந்து கத்தினேன். "உன்னைக் கழிஞ்சு நானா? யாருக்க கூடையில பொடி அதிகம்னு மேஸ்திரிகிட்ட கேளு!"

"மேஸ்திரி செத்தாச்சு. சாட்சி நான்தான். நான் பறையிறதுதான் எழுத்து" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

6

அந்த வாரம் முழுவதும் சரோஜினி நடந்திருக்கிறாள். அவளுடைய முட்டும் இப்போது சரியில்லை. கொட்டகையில் எங்கள் வரிசையில் இருந்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்களைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அவளோடு சேர்த்து ஏழு பேர். ஒருத்தி மகள் வீட்டோடு மார்த்தாண்டம் பக்கம் போயிருந்தாள். அவள் பஸ் ஏறி வந்தாள். ஒருத்தி படுத்த படுக்கை. அவளுடைய கட்டிலுக்கே காகிதத்தைக் கொண்டுபோனார்கள். வார்டு மெம்பர் மலையாளத்தில் கடிதம் எழுதினார். இந்த நேசம்மாள் எங்களோடு நாற்பது வருஷம் அண்டி தல்லியவள், இது எங்களுக்கு நேரில் தெரியும் என்று.

கீழே பெயர் போடுகிற இடம் வந்தபோது மெம்பர் சொல்லியிருக்கிறார். "கையெழுத்து இடான் அறியாவுன்னவர் கையெழுத்து இட்டா மதி." கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டால் போதும் என்று.

ஏழு பேரில் நாலு பேருக்குப் பெயர் எழுதத் தெரியும். சரோஜினிக்கும் தெரியும், அவளுக்குத் தெரிந்த எழுத்தே அவளுடைய பெயர்தான். ஆனாலும் அவள் மை டப்பியைக் கேட்டாளாம்.

"கையெழுத்து ஆரு வேணும்னாலும் போடலாம், மெம்பரே. இந்த விரலு எங்களுக்கு மட்டுமாக்கும் உண்டு."

ஏழு பேரும் பெருவிரலை மையில் முக்கி வைத்திருக்கிறார்கள். கூரியரில் காகிதம் வந்தது. பிரித்துப் பார்த்தேன். ஊரில் பத்திரத்தில் எல்லாம் நீங்கள் கைநாட்டு பார்த்திருப்பீர்கள். வயலில் வரப்பு ஓடுவது போல வளைந்து வளைந்து கோடு இருக்கும். இதில் ஒரு கோடு இல்லை. ஏழு நீல வட்டம். ஏழும் வழுவழுவென்று, கத்தரிக்காயை வெட்டி மையில் முக்கி வைத்தது போல.

எந்த வட்டம் யாருடையது என்று கீழே பெயரைப் பார்க்காமலே நான் சொன்னேன். கொஞ்சம் கோணலாக, காகிதமே கிழிகிற மாதிரி அமுக்கி வைத்திருந்தது சரோஜினியுடையது.

7

மீண்டும் அந்த ஆபீசுக்குப் போனோம். பள்ளிக்கூட லீவு என்பதால் அனீட்டாவும் வந்தாள். அதே செம்பட்டை முடிக்காரி. ஜெஸ்ஸி காகிதத்தையும், அதை முத்திரை வைத்து இங்கிலீஷில் எழுதிவாங்கியதையும் கொடுத்தாள். பிறகு பேசினாள். என் மகள் ஆஸ்பத்திரியில் பெரிய பெரிய டாக்டர்களிடம் பேசுகிறவள். அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தாள். முதலில் எழுதியது தவறு, எழுதியது நான், என் அம்மா கூலி வேலை செய்த தொழிலாளி, அதைச் சொல்ல நான் வெட்கப்பட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். பிறகு அனீட்டாதான் எனக்கு விவரமாகச் சொன்னாள்.

அந்தப் பெண் இங்கிலீஷ் காகிதத்தைக் கொஞ்சம்தான் படித்தாள். மலையாளக் கடிதத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு நீல வட்டத்தையும் பார்த்தாள். எழுந்து உள்ளே போய் ஒரு பெரிய அதிகாரியைக் கூட்டிவந்தாள். அவரும் பார்த்தார். பிறகு என் கையைக் கேட்டார். நீட்டினேன். அன்றைக்கு நான் கைக்குட்டை எடுத்துப் போகவில்லை.

இவர்கள் ஏழு பேரும் உங்கள் சொந்தக்காரர்களா என்று அவர் கேட்டதாக ஜெஸ்ஸி சொன்னாள்.

"கூட வேலை செய்தவங்க" என்றேன். "சொந்தக்காரங்களுக்கு எனக்க வேலை தெரியாது."

ஒரு புதுக் காகிதம் தந்தார்கள். பழையதைத் திருத்த வேண்டும். தொழில் என்ற இடத்தில் ஜெஸ்ஸி எழுதினாள். முதல் எழுத்தை அடித்து மறுபடியும் எழுதினாள். அவளுடைய வேலைக்கு ஒன்றும் வரவில்லை. திருத்தியது நல்லது என்று மட்டும் சொன்னார்கள். பதினைந்து நாளில் கார்டு தபாலில் வந்தது. டிசம்பர் டிக்கெட் பத்திரமாக இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் அனீட்டா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் பெருவிரலை எடுத்துத் தன் பெருவிரலோடு சேர்த்துவைத்துப் பார்த்தாள்.

"அம்மச்சி, நீங்க திருடினா போலீசுக்குக் கண்டுபிடிக்கவே முடியாது" என்றாள்.

"அதுக்குத்தான் எனக்க மடியை மேஸ்திரி உதறச் சொன்னான்" என்றேன். முழுக் கதையையும் கேட்டாள். வீடு வருகிற வரை கேட்டாள். ஜெஸ்ஸி முன் சீட்டில் இருந்து திரும்பாமலே கேட்டுக்கொண்டு வந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "எனக்க வார்டுல அப்படி எழுந்து நிக்க ஒருத்தி உண்டு அம்மா. ஒரே ஒருத்தி" என்றாள். போதும் என்றேன். ஒருத்தி எழுந்தால் மற்றவர்கள் எழுந்துகொள்வார்கள்.

8

என்னை நேசிக்க நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். கர்த்தர் கிருபையால் பேரப்பிள்ளைகளும் உண்டு. ஆனால் நான் வேலையில் கெட்டியா மோசமா என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு தட்டில் ஓடு பிளந்து முழுப்பருப்பு விழும்போது வருகிற சந்தோஷம் என்ன என்று கேட்டால் அவர்களுக்கு விளங்காது. அது எதிரே உட்கார்ந்து அதே வேலையைச் செய்தவளுக்குத்தான் தெரியும். அவள் பொறாமைப்படுவாள், மட்டம் தட்டுவாள், என்னைவிடத் தான் கெட்டி என்பாள். ஆனாலும் என் கூடை நிறையாத நாளில் அவளுக்குத்தான் தாகம் எடுக்கும். வேலை செய்கிற பிள்ளைகளே, ஆஸ்பத்திரியோ ஆபீசோ கடையோ, உங்களுக்கு எதிரே இருப்பவளைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். நான் செய்யாமல் விட்டதால் சொல்லுகிறேன்.

நோட்டில் பென்சிலால் எழுதி, அழித்து, எழுதி, இதை முடிக்க ஒரு மாதம் ஆகிவிட்டது. ஊர்க்காரர்களுக்கு என்று தொடங்கினேன். நாலாவது பகுதிக்கு வந்தபோதுதான், ஒருத்திக்காகவே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு வாயால் சொல்ல வராது. எனவே அனீட்டாவைக் கூப்பிட்டேன். அவள் தமிழை எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசிப்பாள், மெதுவாகத்தான் வரும். அது நல்லதுதான்.

ஒரு தடவை தனியாக வாசித்துப் பார்த்துவிட்டு வந்தாள். "அம்மச்சி, நாலாமத்ததும் வாசிக்கணுமா? அதுல நீங்க செய்தது செரியில்லியே."

"செரியில்லேதான், மக்கா. அதனாலதான் அது வேணும்."

இன்று ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்தாயிற்று. ஜெஸ்ஸி டியூட்டிக்குப் போகாமல் வாசல்படியில் நிற்கிறாள். போன் அந்தப் பக்கம் அடிக்கிறது.

"எட்டீ நேசம், என்ன, இன்னைக்கு நேரத்தே?"

"சரோஜினி, வேலை உண்டா? கொஞ்சம் இருந்து கேக்கணும். பிள்ளை ஒண்ணு வாசிப்பா. முடியிற வரைக்கும் நடுவுல பேசாண்டாம். முடிஞ்ச பொறவு என்னை ஏசலாம்."

"எனக்கு என்ன வேலை? வாசிக்கச் சொல்லு."

மக்கா, போனை அந்தத் தம்ளரில் சாய்த்து வை. நோட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவா. முதலில் இருந்து வேண்டாம். நாலாவதில் இருந்து தொடங்கு. சத்தமாக வாசி.